பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

ரோசா பார்க்ஸ் கதையைப் பள்ளிப் பாடத்திலோ வாட்ஸப்பிலோ ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. 1955 டிசம்பர் 1. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரம். வேலை முடிந்து களைத்துப்போய்ப் பேருந்தில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் ஒருவர், வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்தார். கைதானார். அந்நகரத்தின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். கதை சுருக்கமாக இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. பிரச்சினையே அந்த அழகுதான். ஒரு தனிமனிதரின் களைப்பிலிருந்து ஒரு வரலாறு தானாகப் பிறந்துவிட்டது என்று நம்மை நம்பவைக்கிறது.

பார்க்ஸ் 1943-லேயே என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி கிளைக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கறுப்பினப் பெண்கள் மீதான வன்முறை வழக்குகளை ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதியவர். கைதாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1955 கோடையில், டென்னஸி மலைப்பகுதியில் இருந்த ஹைலாண்டர் மக்கள் பள்ளியில் இரண்டு வாரப் பயிலரங்கில் கலந்துகொண்டவர்.

இந்தத் தகவல் தெரிந்தவர்கள் இன்னொரு கதைக்குத் தாவுவார்கள். "ஓ, அப்போ அவரை ஹைலாண்டர்தான் தயார் பண்ணி அனுப்பியிருக்கு!" முதல் கதைக்கு இது எந்த விதத்திலும் குறைந்த பொய் அல்ல. பயிலரங்கின் முடிவில், ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டிருக்கிறார்கள். மாண்ட்கோமரியில் பெரிதாக எதுவும் நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, இளைஞர்களோடு வேலைசெய்வேன் என்பதுதான் பார்க்ஸின் பதில். பயிற்சி முடித்து வெளியே வந்தவர் கையில் திட்டம் எதுவும் இல்லை.

அப்படியென்றால் அந்த இரண்டு வாரங்கள் அவருக்கு என்ன கொடுத்தன? ஊர்மட்டத்தில் மக்களைத் திரட்டி வேலை செய்பவர்களுக்குப் 'பயிற்சி' என்று ஒன்றைக் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அதில் கொடுக்கப்படுவது எது? இந்தக் கேள்விகளோடு இரண்டு தன்வரலாறுகளை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று, ஹைலாண்டரை நிறுவியவர்களில் ஒருவரான மைல்ஸ் ஹார்ட்டனின் 'தி லாங் ஹால்' (1990). மற்றொன்று, அங்கே பயிலரங்குகளை நடத்திய செப்டிமா கிளார்க்கின் 'ரெடி ஃப்ரம் விதின்' (1986). ஒரே இடம், ஒரே காலம், பெரும்பாலும் அதே மனிதர்கள். ஆனால் இரண்டும் வேறுவேறு புத்தகங்கள். அந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

ஹார்ட்டன் நல்ல கதைசொல்லி. டென்னஸியின் ஏழை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் ரெயின்ஹோல்ட் நீபுரிடம் இறையியல் படித்து, டென்மார்க்கின் மக்கள் உயர்பள்ளிகளைப் போய்ப் பார்த்து, 1932-ல் டான் வெஸ்ட்டோடு சேர்ந்து மாண்டீகிள் பக்கத்தில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. முதல் இருபது வருடங்களில் வந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்சங்கக்காரர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், பஞ்சாலைத் தொழிலாளர்கள். 1950-களில் கவனம் நிறவெறிப் பக்கம் திரும்பியது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேசையில் சாப்பிடுவதே அம்மாநிலச் சட்டத்தோடும் வழக்கத்தோடும் மோதுகிற செயலாக இருந்த காலம் அது. ஹைலாண்டரில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே கூரைக்குக் கீழே தூங்கினார்கள். பார்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்ததும் இதைத்தான். வெள்ளைக்காரர்களோடு சமமாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட்ட அந்த நாட்களை.

ஹார்ட்டனின் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்களுடைய பிரச்சினைக்கு விடை மக்களுடைய அனுபவத்திலேயே இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் செய்ய வேண்டியது அவர்களை ஒன்றாக உட்காரவைப்பது, கேள்வி கேட்பது, பதில் சொல்லாமல் இருப்பது. இதில் மிகவும் கஷ்டமானது மூன்றாவது.

இதற்கு அவர் சொல்லும் கதை பிரசித்தமானது. ஒரு வேலைநிறுத்தம் தோற்கும் நிலையில் இருக்கிறது. போராட்டக் குழுவினர் அவர் அறைக்கு வந்து, இனி என்ன செய்வது என்று நீயே சொல்லு என்கிறார்கள். அவர் மறுக்கிறார். கடைசியில் ஒருவர் துப்பாக்கியை எடுத்து நீட்டி, சொல்லாவிட்டால் சுட்டுவிடுவேன் என்கிறார். அந்த நொடியில் நிபுணராகிவிடலாமா என்று தோன்றியது என்கிறார் ஹார்ட்டன். ஆனாலும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் நாளைக்கும் வந்து கேட்பார்கள் என்பது அவருடைய நியாயம்.

எங்கள் துறையில் 'ட்ரெய்ன் த ட்ரெய்னர்' என்றொரு சடங்கு உண்டு. இரண்டு நாள் வகுப்பு, நூற்றிருபது ஸ்லைடு, கடைசியில் ஒரு ஃபீட்பேக் ஃபார்ம். அதில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் இந்தத் துப்பாக்கிக் கதையை ரசித்துத்தான் படித்தேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒரு திறமை என்று எந்த ஸ்லைடிலும் யாரும் போட்டதில்லை.

ஆனால் படிக்கப் படிக்க ஓர் ஐயம் வந்தது. ஹார்ட்டனின் கதைகள் பலவும் இதே வடிவத்தில்தான் இருக்கின்றன. ஒரு நெருக்கடி வரும். மற்றவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். இவர் நிதானமாக ஒன்றைச் சொல்லாமல் விடுவார், அல்லது ஒரு கேள்வி கேட்பார். பிறகு மக்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். ஜென் குருக்களின் கதை மாதிரி. மக்களே தலைவர்கள் என்று சொல்லும் புத்தகத்தின் ஒவ்வொரு கதையிலும் நடுவில் நிற்பது பதில் சொல்லாத அந்த ஒருவர்தான். அவரைச் சுற்றி யார் சமைத்தார்கள், யார் கடிதம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள், ஊருக்குத் திரும்பியவர்களைத் தேடிப்போய் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் இந்தக் கதைகளின் ஓரத்தில்தான் வருகின்றன. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு புத்தகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

*

செப்டிமா கிளார்க் 1898-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். பதினெட்டு வயதில், 1916-ல், பக்கத்திலிருந்த ஜான்ஸ் தீவுக்கு ஆசிரியையாகப் போனார். பள்ளியில் 132 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். தலைமை ஆசிரியைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த கிளார்க்குக்கு மாதம் 35 டாலர். அதே தீவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளியில் மூன்றே மூன்று மாணவர்கள். அந்த ஆசிரியைக்கு 85 டாலர். இந்தக் கணக்கை அவர் ஆவேசப்படாமல் சொல்கிறார். எண்களே போதும் என்று தெரிந்த ஆசிரியை.

நாற்பது வருடம் வேலை பார்த்தபின் 1956-ல் வேலை போனது. அரசு ஊழியர்கள் என்.ஏ.ஏ.சி.பி.-யில் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டது. கிளார்க் தன் உறுப்பினர் பதவியை மறைக்கவில்லை. ஓய்வூதியமும் போனது. ஹைலாண்டர் அவரைப் பயிலரங்கு இயக்குநராகச் சேர்த்துக்கொண்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே ஜான்ஸ் தீவிலிருந்து ஈசா ஜென்கின்ஸ் என்பவரை அவர் ஹைலாண்டருக்கு அழைத்துப் போயிருந்தார். ஜென்கின்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பஸ்ஸில் ஏற்றிச் செல்பவர். தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். பஸ்ஸில் தினமும் வந்த ஆலிஸ் வைன் என்ற பெண் தனக்குப் படிக்கச் சொல்லித்தரும்படி கேட்டார். ஜென்கின்ஸ் ஓடும் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் பத்திகளை அப்படியே மனப்பாடம் செய்தார். பதிவுசெய்ய அது போதும். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது நிஜமாகவே படிக்கத் தெரிவது.

ஹைலாண்டரில், உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது ஜென்கின்ஸ் சொன்னது இதைத்தான்: பெரியவர்களுக்கு ஓர் இரவுப் பள்ளி. பயிலரங்கின் தலைப்பு ஐக்கிய நாடுகள் சபை. வந்தவர் கேட்டது தன் தீவுக்கு ஒரு வகுப்பறை. தலைப்பை விட்டுவிட்டு அவர் கேட்டதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது ஹைலாண்டரின் பெருமை. இங்கேவரைக்கும் ஹார்ட்டனின் கொள்கை சரியாக வேலை செய்கிறது.

அடுத்த அடியில்தான் சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாத மனிதரின் அனுபவத்துக்குள் எழுத்து இல்லை. எத்தனை நாள் வட்டமாக உட்கார்ந்து பேசினாலும் அங்கிருந்து அது முளைத்து வராது. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்துதான் ஆகவேண்டும். முதலில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்காமல் வாக்காளர் பதிவு நடக்காது என்று கிளார்க் பிடிவாதமாக இருந்தார். இதைப் பற்றி இருவரும் சத்தம்போட்டே வாதாடியிருக்கிறார்கள். ஒரு துப்பாக்கிக்கு அசராத மனிதர் ஓர் ஆசிரியையின் அனுபவத்துக்கு முன் இறங்கிவந்திருக்கிறார். ஹார்ட்டனின் பெருமையாக நான் நினைப்பது துப்பாக்கிக் கதையைவிட இதைத்தான்.

'மக்களுக்கே எல்லாம் தெரியும்' என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர்களிடம் இல்லாத ஒன்றை அதிகாரத்தைக் கூடவே கொண்டுவராமல் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி. பயிற்சி என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்கிறதென்றால் இந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

*

ஜான்ஸ் தீவு வகுப்பு எப்படி நடந்தது என்பதை விவரமாகப் பார்க்க வேண்டும்.

இடம்: தீவின் பள்ளியும் தேவாலயமும் பயந்து கையை விரித்துவிட்டன. ஹைலாண்டர் கொடுத்த 1,500 டாலர் கடனில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக்கடை. பின்பக்கம் வகுப்பறை. வெள்ளைக்காரர்கள் எட்டிப்பார்த்துவிடக்கூடாது என்பதற்காகப் பின்னறைகளுக்கு ஜன்னல் கிடையாது. கடனாகக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நன்கொடையாகக் கொடுத்திருந்தால் அது ஹைலாண்டரின் கட்டடம். கடன் என்பதால் தீவுக்காரர்களின் கட்டடம்.

ஆசிரியர்: பெர்னிஸ் ராபின்சன். கிளார்க்கின் உறவுக்காரப் பெண். அழகுநிலையம் நடத்தியவர், தையலும் தெரிந்தவர். பாடம் நடத்திய அனுபவம் இல்லை, அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சிபெற்ற ஆசிரியர் என்றால் பெரியவர்களையும் பிள்ளைகளைப் போல நடத்திவிடுவார் என்ற கவலை. இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். வேலையை விட்டுத் தூக்க மேலே ஒரு வெள்ளைக்கார முதலாளி கிடையாது. ஒரு கறுப்பின ஆசிரியையை ஒரே சட்டத்தால் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதற்குக் கிளார்க்கே சாட்சி. ஓர் அழகுநிலையக்காரரை அப்படி அனுப்ப முடியாது.

நாள்: 1957 ஜனவரி 7. விவசாய வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலம். வாரம் இரண்டு இரவுகள். முதல் நாள் பதினான்கு பேர்.

ராபின்சன் தொடக்கப்பள்ளிப் பாடப் பொருட்களைக் கொண்டுபோயிருந்தார். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் இவர்களுக்கு ஆகாது என்று ஓரமாக வைத்துவிட்டார். தான் டீச்சர் இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். தன் பெயரை எழுத வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனின் கடிதத்தைப் படிக்க வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். தபாலில் பொருள் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். அதுதான் பாடத்திட்டமானது. பெயரை அட்டையில் பெரிதாக எழுதிக்கொடுத்து, அதன்மேல் திரும்பத் திரும்ப பென்சிலை ஓட்டச் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரல்களுக்குப் பென்சில் பிடிபடவே நாளாகும். கூடவே வாக்காளர் பதிவுப் படிவம். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம். வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ராபின்சனின் இலக்கு.

அறிவொளி இயக்கக் காலத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தெரியாது. எழுத்து எப்போதும் எழுத்தோடு நிற்பதில்லை.

ஜான்ஸ் தீவிலிருந்து பக்கத்துத் தீவுகளான வாட்மலாவுக்கும் எடிஸ்டோவுக்கும் வகுப்புகள் பரவின. ராபின்சன் மேற்பார்வையாளரானார். கிளார்க் கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1959-ல் போலீஸ் ஹைலாண்டரில் புகுந்து கிளார்க்கைக் கைதுசெய்தது. உரிமமில்லாமல் பீர் விற்றார்கள், கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். 1961-ல் மாநில அரசு பள்ளியின் சொத்தைப் பறித்துக்கொண்டது. ஹைலாண்டர் வேறு பெயரில், வேறு ஊரில் பிறகு தொடர்ந்தது. ஆனால் குடியுரிமைப் பள்ளித் திட்டம் அதற்குள் மார்ட்டின் லூதர் கிங்கின் எஸ்.சி.எல்.சி. அமைப்புக்குக் கைமாறியிருந்தது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் ஐந்து நாள் பயிலரங்குகள் நடந்தன. கிளார்க், டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் நடத்தினார்கள். தெற்கு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து, கற்றுக்கொண்டு, ஊருக்குப் போய் வகுப்பு ஆரம்பித்தார்கள். மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமர் இந்தத் திட்டத்தில் வந்தவர்தான். 1963 ஜூனில் வினோனா என்ற ஊரில் கைதாகிச் சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டபோது, அவர் ஒரு குடியுரிமைப் பயிற்சி வகுப்பிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் என்பது கிளார்க் சொல்லும் கணக்கு. என்னைப் போன்ற தொழில்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் 'ஸ்கேல்' ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் எது பெருகியது என்று பார்க்க வேண்டும். ஹார்ட்டனின் மௌனத்தை அப்படிப் பெருக்க முடியாது. அது அவருடைய சொந்தத் திறமை. பெருகியது ஓர் எளிய ஏற்பாடு. உள்ளூரில் மதிப்பும் கொஞ்சம் பொருளாதாரச் சுதந்திரமும் உள்ள ஒருவர், ஒரு பின்னறை, ஒரு படிவம், ஒரு பென்சில், செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வப்போது வந்து பார்க்கும் ஒருவர். இதில் ஒன்றைக்கூட ஞானம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டாலும் வகுப்பு நின்றுவிடும்.

*

கிளார்க்கின் புத்தகத்திலும் குறை உண்டு. சிந்தியா ஸ்டோக்ஸ் பிரவுன் அவரைப் பேசவைத்துப் பதிவுசெய்து தொகுத்த நூல் அது. பேச்சின் இதம் இருக்கிறது. ஆனால் வலிக்கும் இடங்களைப் பேச்சு சீக்கிரம் கடந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று பல இடங்களில் தோன்றியது. அப்படி அவர் ஒரே பத்தியில் கடந்துபோகும் ஓர் இடம்தான் எனக்கு இரண்டு புத்தகங்களிலும் மிக முக்கியமானதாகப் பட்டது.

கிங்குக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எல்லா ஊர்வலங்களையும் நீங்களே முன்னின்று நடத்தாதீர்கள், அந்தந்த ஊரில் தலைவர்களை உருவாக்குங்கள், அவர்கள் தங்கள் ஊர்வலத்தைத் தாங்களே நடத்தட்டும் என்று. கிங் அந்தக் கடிதத்தை அலுவலகக் கூட்டத்தில் வாசித்துக்காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். கிளார்க் அதற்குமேல் நீட்டவில்லை. நிர்வாகக் குழுவில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று ரால்ஃப் அபர்நதி திரும்பத் திரும்பக் கேட்டதையும் அதே தொனியில் சொல்கிறார். பெண்களை நடத்தியவிதம் அந்த இயக்கத்தின் பெரிய பலவீனம் என்று வயதான காலத்தில் சொல்கிறார். கிங்கின் மேல் மரியாதை குறையாமலே சொல்கிறார்.

சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உயிரைப் பணயம் வைத்தவர்கள். ஆனாலும் சிரித்தார்கள். ஏனென்றால் ஊர்வலம் கண்ணுக்குத் தெரிகிறது, பின்னறை தெரிவதில்லை. ஊர்வலத்துக்குப் புகைப்படக்காரர்கள் வருவார்கள். அட்டையில் எழுதிய பெயர்மேல் அறுபது வயதுக்காரர் பென்சில் ஓட்டுவதைப் படமெடுக்க யார் வருவார்கள்? மிசிசிப்பி இயக்கத்தைப் பற்றிய தன் புத்தகத்தில் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பெய்ன் இரண்டு மரபுகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஆட்களை ஒரு நிகழ்வுக்குத் திரட்டுவது ஒன்று. அவர்களே பொறுப்பெடுத்துக்கொள்ளும்படி வருடக்கணக்கில் உடனிருப்பது இன்னொன்று. முதலாவதற்குக் கூட்டம் தேவை. இரண்டாவதற்குப் பொறுமையோடு பணமும் தேவை. இந்தக் கடைசிச் சொல்லை இலட்சியவாதிகள் விழுங்கிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் கிளார்க்கைச் சொல்வேன். ஹார்ட்டனைப் படித்துவிட்டு ஒருவர் நல்ல பேச்சாளராகிவிடலாம். கேள்வி கேட்பது எப்படி என்று தொண்டு நிறுவனங்களுக்கு வகுப்பெடுக்கலாம். அப்படி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வட்டமாக நாற்காலி, வண்ணவண்ணச் சீட்டுகள், டீ, வடை, கடைசியில் குரூப் போட்டோ. மூன்று மாதம் கழித்து அந்தப் போட்டோவில் இருந்தவர்கள் எங்கே, எந்த அறையில், யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய பஸ் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. கிளார்க்கைப் படித்தவருக்கு முதலில் கேட்கத் தோன்றுவது அந்தக் கேள்விதான்.

வேலையைவிட்டு நீக்கியது அநியாயம் என்று தென் கரோலினா ஒப்புக்கொண்டு கிளார்க்கின் ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தது 1976-ல். இருபது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வருடமே சார்ல்ஸ்டன் மக்கள் அவரைப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. வாக்களித்தவர்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு பின்னறையில் தங்கள் பெயரின்மேல் பென்சில் ஓட்டிப் பழகியவர்கள் என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள்.